ஆறு மாதத்துக்குச் சாகக் கூடாது

பினாங்கு வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு தெருவில் நடப்பவர்கள் இரண்டே வகை. ஒருவர் கல்யாண மாப்பிள்ளை. மற்றவர் மோகனராஜ்.

மோகனராஜிடம் அவர் தொழிலைக் கேட்டால் காப்புறுதி, இன்சூரன்ஸ் என்றெல்லாம் சொல்ல மாட்டார். காப்புறுதி விற்பவன் ஏஜென்ட். அவர் ஏஜென்ட் இல்லை. அவருடைய பெயரட்டையில் நான்கு வரிக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டம் இருந்தது. அதைத் தமிழில் சொன்னால் ஏதோ சமஸ்தானத்து திவான் என்று நினைத்து எழுந்து நிற்கத் தோன்றும். வருடத்துக்கு ஒருமுறை அவருடைய கம்பெனி ஹோட்டல் மண்டபத்தில் அவருக்குக் கண்ணாடிக் கோப்பை ஒன்று கொடுக்கும். வாங்குகிற படத்தை அவர் ஃபேஸ்புக்கில் போடுவார். கீழே அவர் மனைவி முதல் ஆளாகக் கைதட்டுவாள்.

கோகிலனுக்கு அவர் சகலை. கோகிலனின் மனைவி ஜெகதீஸ்வரியின் அக்காவைக் கட்டியவர். சொந்தத்திலேயே ஒரு ஏஜென்ட் இருக்கும்போது வெளியாளிடம் பாலிசி எடுப்பது, மச்சான் பந்தல் கடை வைத்திருக்கும்போது வீட்டுக் கல்யாணத்துக்கு வேறு ஆளிடம் பந்தல் சொல்வதைப் போன்றது. அதற்கு மன்னிப்பு கிடையாது. சகலையிடம் எடுத்தால் அவர் தலையில் எதைக் கட்டுவாரோ என்ற பயம். மற்றவரிடம் எடுத்தால் சகலையைப் பற்றிய பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில், கல்யாணம் ஆன நாளிலிருந்து கோகிலன் எதுவுமே எடுக்காமல் நிம்மதியாக இருந்தான்.

ஐமான் சாகும்வரை.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பத்து காவானில் கோகிலன் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஐமான் அவனுக்குப் பக்கத்து மெஷின்காரன். டிசம்பர் மழையில், தீவுக்குத் திரும்பும் இரண்டாவது பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கிப் போய்விட்டான். கோகிலன் அதே மழையில், அதே பாலத்தில், அவனுக்குச் சற்று முன்னால் போனவன். வீட்டுக்கு வந்து துண்டால் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போதுதான் செய்தி வந்தது.

அடுத்த வாரம் ஐமானின் மனைவி அமீரா லாக்கரைக் காலி செய்ய வந்தாள். ஒரு ஜோடி சிலிப்பர், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், மடிப்புக் கலையாத மழைக்கோட்டு. மழைக்கோட்டைப் பார்த்துவிட்டு அவள் லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட வந்திருந்த சின்ன மகன் பிஸ்கட்டைத் தின்றான். மானேஜர் வந்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று நெடுநேரம் பேசினார். அந்தக் குடும்பம் காசு சேர்க்க ஓர் அட்டைப்பெட்டியை மெஷின் மெஷினாகச் சுற்றி அனுப்பியது. பெட்டியின் அடி கடைசிவரை தெரிந்தது.

கோகிலனுக்கு இது புதிதில்லை. அவன் அப்பா முனுசாமி எஸ்டேட் லாரியிலிருந்து விழுந்து இறந்தபோது அவன் ஏழு வயதுப் பையன். கருமாதிச் சாப்பாட்டில், இவனை யார் வைத்துக்கொள்வது என்று சித்தப்பாக்கள் அவனுடைய இலைக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் பேச்சோடு பேச்சாக அவன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அந்த அப்பளம் மட்டும் மறக்கவில்லை. அவன் மகள் ஷர்மினிக்கு இப்போது இரண்டு வயது.

ஆகவே தை பிறந்ததும் மோகனராஜ் ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குக் கோட்டோடு வரவழைக்கப்பட்டார். லிஃப்ட் பழுது. ஒன்பது மாடி ஏறி வந்தும் அவர் கோட்டைக் கழற்றவில்லை. டேப்லட்டைத் திறந்து ஒரு படம் காட்டினார். பெரிய மரம், அதன் நடுவில் கோட்டு போட்ட ஆணின் முகம். மரத்தைச் சுற்றி ஒரு கொடி. அதில் பெண்ணின் முகம். கொடியில் பூவாகப் பிள்ளைகள். மரம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, மேடையில் நிறுத்துவது போல நிறுத்தினார். ஷர்மினி டேப்லட்டை விரலால் தள்ளி மரத்தைக் காணாமல் செய்தாள்.

ஜெகதீஸ்வரி பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். சம்பளம் கோகிலனைவிடச் சற்று அதிகம். வீட்டுக் கடன் அவள் சம்பளத்திலிருந்துதான் போகிறது. அதாவது, மரம் கொடியின் வீட்டில் குடியிருந்தது. இந்த விவரம் படத்தில் இல்லை.

மோகனராஜ் சேமிப்பு, முதலீடு, பிள்ளையின் மேற்படிப்பு, பேரப்பிள்ளைகளுக்கான சொத்து என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் ஒரே பாலிசிக்குள் இருக்கிறதாம். சாவு மட்டும் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஜெகதீஸ்வரி அவரை நிறுத்தி, இவர் செத்தால் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். நல்ல விருந்தில் வந்து ரசம் மட்டும் போதும் என்பவனைப் பார்ப்பது போல அவர் அவளைப் பார்த்தார். கடைசியில் வெறும் ரசம்தான் முடிவானது. வீட்டுக் கடன் தீரவும், ஷர்மினி வளர்ந்து சொந்தக் காலில் நிற்கவும் போதுமான தொகை, அதுவரைக்குமான காலம், அதற்கு மேல் ஒரு பூ கிடையாது.

கிளம்பும்போது ஜெகதீஸ்வரி, அப்ப எனக்கு, என்று கேட்டாள்.

"மொதல்ல மரத்தைக் காப்பாத்துவோம் ஜெகா," என்றார் மோகனராஜ். "கொடி பின்னாடி பாத்துக்கலாம் லா."

கோகிலனும் தலையாட்டினான்.

பெரிய தொகை, அப்பா இளம் வயதில் இறந்தவர், அதனால் மருத்துவப் பரிசோதனை உண்டு என்று கம்பெனி சொன்னது. கம்பெனியின் கிளினிக்கில் நாள் கிடைத்தது தைப்பூசத்துக்கு அடுத்த வாரம். இதில் யாருக்கும் எந்தத் தவறும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர் மோகனராஜ். ஆனால் அந்த மாத முடிவுக்குள் இன்னும் இரண்டு பாலிசி சேர்த்தால் ஜப்பான் பயணம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அவர் மனம் ஏற்கெனவே பனியில் நடந்துகொண்டிருந்தது.

போன வருடம் ஷர்மினிக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாகக் கோகிலன் வேண்டியிருந்தான். பிள்ளை பிழைத்தாள். தைப்பூசத்தன்று முதுகு முழுக்கக் கொக்கி மாட்டி, கொக்கிக்கு ஒரு சின்னப் பால்செம்பு தொங்க, மலைப்படி ஏறினான். கூட்டத்தோடு கூட்டமாக மோகனராஜும் வந்து, சகலையின் முதுகோடு தன் முகமும் தெரியும்படி படம் எடுத்து, 'குடும்பத்துக்காக எதையும் தாங்கும் தலைவன்' என்று எழுதிப் போட்டார். அவர் மனைவி கைதட்டினாள்.

கிளினிக்கில் டாக்டர் நோர்மா சட்டையைக் கழற்றச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைக்கப் போனவர் அப்படியே நின்றார். காய்ந்து கறுத்த புள்ளிகள் தோளிலிருந்து இடுப்புவரை வரிசை வரிசையாக இருந்தன. என்ன இது என்று கேட்டார். கோகிலன் பெருமையாகச் சொன்னான். அவர் பினாங்குக்காரர், காவடி தெரிந்தவர். மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். பிறகு, கடைசியாக உடம்பில் ஊசியோ கொக்கியோ ஏறியது எப்போது என்ற கேள்விக்கு எதிரே, அவன் சொன்ன தேதியை எழுதினார். எழுதிவிட்டுத் தலைநிமிராமல் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொன்னார். அது ஏன் என்று கோகிலனுக்கு அடுத்த மாதம்தான் புரிந்தது.

மறுப்பு இல்லை, ஒத்திவைப்பு என்று கம்பெனி எழுதியிருந்தது. கொக்கி ஏறிய தேதியிலிருந்து ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு யோசிக்குமாம். கொக்கியிலிருந்து ரத்தத்தில் ஏதாவது தொற்றியிருந்தால் வெளியே தெரிய நாளாகும் என்பது அவர்கள் பயம். அதுவரை கோகிலன் இஷ்டத்துக்கு உயிரோடு இருக்கலாம். செத்தால் அது அவன் சொந்தப் பொறுப்பு.

மோகனராஜுக்கு ஜப்பான் பயணம் கைநழுவிய துக்கம். காவடி என்று டாக்டரிடம் யார் சொல்லச் சொன்னது, மலாய்க்காரர்கள் முதுகில் கிண்ணம் வைத்து ரத்தம் எடுப்பார்களே, அந்த பெக்காம் செய்துகொண்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று போனில் கத்தினார். அதுவும் தோலைக் கீறித்தானே எடுப்பார்கள் என்றான் கோகிலன். பிறகு, போனால் போகிறது, வேறு ஒரு கம்பெனியில் போடலாம், இந்தமுறை எதையும் சொல்லாதே என்றார்.

"நான் செத்தப்புறம் அவங்க இதைத் தோண்டி எடுத்தா, அண்ணே?"

"எடுத்தா பேசிக்கலாம் தம்பி."

"அப்ப பேசறதுக்கு நான் இருக்க மாட்டேனே."



அன்றிலிருந்து கோகிலனின் வேலை, சாகாமல் இருப்பது. ஊரில் எல்லோரும் சம்பளமில்லாமல் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அதையே வேலையாக எடுத்துக்கொண்டவன் படும் பாடு தனி. மோட்டாரை உறை போட்டு மூடினான். விடியுமுன் கிளம்பி ஃபெர்ரியில் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த், அங்கிருந்து தொழிற்சாலை பஸ். திரும்பி வரும்போது ஷர்மினி தூங்கியிருப்பாள். மகளுக்காகத்தான் இதெல்லாம் என்றாலும், அவளை அவன் பார்ப்பது கண் மூடிய முகமாகவே ஆகிப்போனது. ஞாயிற்றுக்கிழமை அவன் தூக்கப் போனபோது அவள் யாரோ என்று அழுதாள்.

போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்ப வேண்டும் என்பது ஜெகதீஸ்வரியின் கட்டளை. ஒருநாள் போனில் சார்ஜ் இல்லை. அவள் அலுவலகத்திலிருந்து தொழிற்சாலைக்கு அழைத்து, மெஷினை நிறுத்தச் சொல்லி, அவன் குரலைக் கேட்ட பிறகுதான் வைத்தாள். பக்கத்து மெஷினில் இப்போது இக்மல் என்ற புதிய பையன் நின்றான். ஐமானின் லாக்கரில் அவனுடைய சிலிப்பர் இருந்தது.

சித்திரை பிறந்த சமயத்தில் ஒரு சாயங்காலம், ஃபெர்ரியில் கோகிலனுக்கு நெஞ்சு அடைத்தது. இடது தோள்வரை இழுத்தது. சட்டை வியர்வையில் ஒட்டியது. எதிரில் இருந்த ஒரு சீனப் பெரியவர் எழுந்து வந்து, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்றார். கோகிலன் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் பதிவாகும். நெஞ்சுவலி என்று ஒரு வரி பதிவானால் ஆகஸ்டில் கம்பெனி அதைக் கேட்கும். ஆறு மாத ஒத்திவைப்பு ஆயுள் முழுக்க ஒத்திவைப்பாக மாறிவிடும். ஆகவே, உயிரைக் காப்பாற்றும் பாலிசிக்காக உயிரைக் காப்பாற்றிக்கொள்ளாமல், கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டே வந்தான். தீவு நெருங்க நெருங்க, ஜெகதீஸ்வரியிடம் கடைசியாக என்ன பேசினோம் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். சமையல் வாயு தீர்ந்துவிட்டது என்று சொன்னது மட்டும்தான் ஞாபகம் வந்தது.

கரையேறி ஒரு பெரிய ஏப்பம் விட்டதும் வலி இறங்கியது. மத்தியானம் தின்ற பொரித்த மீ நூடுல்ஸாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெரிந்துகொள்ள வழியில்லை, தெரிந்துகொள்ளக் கூடாது.

மூன்று நாள் கழித்து, சொல்லாமல் இருக்க முடியாமல் மனைவியிடம் சொன்னான். அவள் கையிலிருந்த பிள்ளையின் பால் புட்டியை மேசையில் வைத்தாள்.

"செத்தா காசு வரணும்கிறதுக்காக சாகப் பாத்தீங்களா?"

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்ததும் சுங்கை பாக்காப்பில் இருக்கும் மாமியாருக்குப் போன் போட்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

லெட்சுமிக்கு மருமகள் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையிலேயே அவள் எஸ்டேட் மாரியம்மன் கோவிலில் நின்றாள். எஸ்டேட் போய்விட்டது, சுற்றிலும் வரிசை வீடுகளாக வீடமைப்பு வந்துவிட்டது, கோவில் மட்டும் நகரவில்லை. சித்திரைத் திருவிழா அடுத்த வாரம். லெட்சுமி அம்மனிடம் பேசி முடித்துவிட்டு மகனுக்குத் தகவல் சொன்னாள்.

"ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்யா. பாலிசி கைக்கு வர்ற வரைக்கும் நீ பாத்துக்க, அவன் திருவிழாவுக்கு வந்து அலகு குத்திக்குவான்னு."

இனி எதைக் குத்தினாலும் அன்றிலிருந்து மறுபடி ஆறு மாதம் என்று கோகிலன் அம்மாவுக்கு விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்றாள்.

"கடைசியா எப்ப குத்தினேன்னு கேப்பாங்கம்மா."

"ஆத்தாளும் கேப்பாளே."

அந்த வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அலகு குத்தினால் நவம்பர்வரை பாலிசி இல்லை. குத்தாவிட்டால், நாளை அவனுக்கு ஒரு சளி பிடித்தாலும் அம்மா தன்னால்தான் என்று நினைத்துப் படுத்துவிடுவாள். அவனுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. முருகன் பிள்ளையைக் கொடுத்தார், கம்பெனி அதற்கு அபராதம் போட்டது. இப்போது அம்மனுக்குப் பாக்கி வைத்தால் அபராதம் யார் போடுவார்களோ. பேசுவதற்கு ஆள் தேடி, வேறு வழியில்லாமல் மோகனராஜுக்கே போன் செய்தான். இப்படிப்பட்ட நேரத்தில் குடும்பங்களுக்குத் தெளிவான பார்வை வேண்டும் என்று தொடங்கி அவர் வெகுநேரம் பேசினார். வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று விரதம் மட்டும் இருந்தான். வீட்டில் அந்த வாரம் கறி மீன் சமைக்கவில்லை. ஜெகதீஸ்வரியும் ஒருவேளைதான் சாப்பிட்டாள். தனக்குத் துணையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

திருவிழாவன்று உருமி மேளம் வீடமைப்புச் சுவர்களில் மோதித் திரும்பியது. கோவிலிலிருந்து ஒரு மைல் தள்ளி, ஓடைக்கரையில் போட்ட கொட்டகையில்தான் அலகு குத்துவார்கள். கோகிலன் மஞ்சள் வேட்டியில் ஈரத்தோடு நின்றான். பூசாரி மற்ற நாட்களில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். இன்று கையில் சின்ன வேலோடு நின்றார். லெட்சுமி திருநீற்றுத் தட்டோடு பக்கத்தில். மோகனராஜ் பட்டு ஜிப்பாவில் வந்து, நேரலைக்காகப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். பூசாரி நாக்கை நீட்டச் சொன்னார். கோகிலனுக்கு வாய் திறக்கவில்லை. பயம் ஊசிக்கு இல்லை. திறந்தால் ஒரு முடிவு எடுத்ததாகிவிடும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெகதீஸ்வரி வந்தாள். அவளும் தலை நனைந்து, மஞ்சள் சேலையில் இருந்தாள். ஷர்மினியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பூசாரியிடம் திரும்பினாள். குடும்பத்தில் ஒருவருக்கான வேண்டுதலை இன்னொருவர் செய்யலாமா என்று கேட்டாள். விரதம் இருந்தாயா என்று அவர் கேட்டார். இருந்தேன் என்றாள். அப்படியானால் அம்மனுக்கு எல்லாம் ஒன்றுதான் என்றார் பூசாரி. லெட்சுமி ஏதோ சொல்ல வந்து, மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"நீ எதுக்கு ஜெகா," என்றான் கோகிலன்.

"உங்க தோலைத்தான் கம்பெனி பாத்துக்கிட்டு இருக்கு. என் மேல யாரும் பாலிசி எழுதலையே. எங்க வேணும்னாலும் குத்தலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். கோகிலனுக்கு ஈர வேட்டி திடீரென்று குளிர்ந்தது. வீட்டுக் கடன், ஷர்மினியின் பால், பிள்ளை பார்க்கும் ஆயாவுக்கான கூலி, எல்லாம் யார் சம்பளம் என்பது அவனுக்குத் தெரியாததில்லை. தினமும் ஒன்பது மாடி இறங்கி, கார்கள் பறக்கும் ஜெலுத்தோங் சாலையை யார் குறுக்கே கடந்து பஸ் பிடிக்கிறாள் என்பதும் தெரியும். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவளிடமிருந்து ஒரு செய்தியை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

மோகனராஜ் போனைக் கீழே இறக்கினார். தொழில் விழித்துக்கொண்டது.

"ஜெகா, கொஞ்சம் இரு லா. உனக்கும் ஒண்ணு போடலாம்னுதான் இருந்தேன். இப்ப குத்துனா உனக்கும் ஆறு மாசம் தள்ளிப் போயிரும்."

"மரம் மொதல்ல, கொடி பின்னாடின்னு சொன்னீங்களே மாமா," என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினாள்.

வேல் ஏறியது. அதன் பிறகு அவளிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. மோகனராஜ் மட்டும் விரலை மடக்கி மாதத்தை எண்ணிக்கொண்டு நின்றார்.

ஊர்வலம் கிளம்பியது. தார்ச்சாலை கொதித்தது. கோகிலன் மகளை இடுப்பில் இடுக்கி, மறுகையில் தண்ணீர்ப் போத்தலோடு மனைவிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தான். அவள் கால் வைக்கப்போகும் இடத்திலெல்லாம் ஊற்றினான். ஓரமாக ஒதுங்கி வந்த ஒரு மோட்டாரைக்கூடப் போத்தலைக் காட்டி நிறுத்தினான். இத்தனை மாதம் தான் ஒருவன் சாகாமல் இருந்தால் போதும் என்று இருந்தான். அதுவே முடியவில்லை. இனி இரண்டு பேர் சாகாமல் இருக்க வேண்டும்.

"அம்மா," என்றாள் ஷர்மினி. ஜெகதீஸ்வரி கண்ணால் மட்டும் பார்த்தாள்.

பாதி வழியிலேயே போத்தல் காலியாகிவிட்டது. கோவில் இன்னும் கண்ணில் படவில்லை.